ஒரு கூம்பு, ரெண்டு குடும்பம்

சென்னை பாரிமுனையில், ஹைகோர்ட்டை ஒட்டிச் செக்கச் செவேலென்று நிற்கிறதே பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம், அந்த வளாகத்துக்குள் ஒரு கூம்பு இருக்கிறது. சதுரமான அடித்தளம். அதன் மேல் போகப் போக ஒடுங்கி, வானத்தில் ஒரு பொத்தல் போட்டே தீருவது என்று கிளம்பிய கோபுரம். பார்த்தால் எகிப்துக்குப் போக வேண்டிய பார்சல் பாரிமுனையில் இறக்கப்பட்ட மாதிரி இருக்கும்.

அது ஒரு கல்லறை. உள்ளே ரெண்டு பேர். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய அதிகாரி. இன்னொருவன் டேவிட் யேல், சுமார் நாலு வயதுப் பையன். அப்பாவும் பிள்ளையுமா? இல்லை. தாத்தா, பேரன்? இல்லை. பெரியப்பா முறை, மாமன் முறை? ம்ஹூம். ஹின்மர்ஸ், அந்தப் பையனுடைய அம்மாவின் முதல் புருஷன். நிதானமாக இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். அவசரமே இல்லை, அவர்கள் முந்நூறு வருஷத்துக்கு மேலாக அங்கேதான் இருக்கிறார்கள்.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்குக் குடும்பச் சட்டம் என்று ஒரு பாடம் உண்டு. வகுப்பறை ஜன்னலுக்கு வெளியிலேயே இப்படி ஒரு கேஸ் ஸ்டடியை வைத்துக்கொண்டு, கரும்பலகையில் எதற்காக அத்தனை சாக்பீஸை வீணாக்கினார்கள் என்றுதான் புரியவில்லை.

கதைக்கு வருவோம். ஹின்மர்ஸ் புனித ஜார்ஜ் கோட்டைக் கவுன்சிலில் இரண்டாம் இடம். கவர்னருக்கு அடுத்த நாற்காலி. கவர்னர் இருமினால் இவருக்கு நம்பிக்கை பிறக்கும் அளவுக்குப் பக்கத்து நாற்காலி. ஆனால் 1680 மே மாதம் இவர்தான் முந்திக்கொண்டார். விதவையான கேத்தரினுக்குக் கையில் பிள்ளைகள். கூடவே கணவர் விட்டுப்போன கணிசமான சொத்து. இந்த இரண்டாவது தகவல் கோட்டைக்குள் முதலாவதைவிட வேகமாகப் பரவியிருக்கும்.

அதே வருஷம் நவம்பர் 4. கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் தேவாலயம் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, சுண்ணாம்பு வாசனைகூடப் போயிருக்காது. அங்கே நடந்த முதல் கல்யாணம் என்று பதிவேட்டில் ஏறியிருப்பது கேத்தரின் ஹின்மர்ஸுக்கும் எலிஹு யேலுக்கும் நடந்த கல்யாணம். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர். ஹின்மர்ஸுக்கு வருஷத் திவசம் வரக்கூட இன்னும் ஆறு மாதம் பாக்கி.

உடனே மூக்கில் விரல் வைக்காதீர்கள். அந்தக் கால மெட்ராஸில் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கணக்கில்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். கப்பலில் வந்து இறங்கும் ஐரோப்பியப் பெண்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. துக்கம் கேட்க வந்தவரே வரன் கேட்டுவிட்டுப் போவது அங்கே சகஜம். நம் எலிஹு அதில் கொஞ்சம் ஃபாஸ்ட், அவ்வளவுதான். அவர் அந்தத் தேவாலயம் கட்ட நன்கொடை கொடுத்தவர்களில் ஒருவரும்கூட. கல்யாண மண்டபத்துக்கு இரண்டு வருஷம் முன்பே அட்வான்ஸ் கொடுத்த மாப்பிள்ளை என்று அவரைச் சொல்லலாம்.

இந்த எலிஹு யேல் யார்? ஆமாம், நீங்கள் நினைக்கிற அதே யேல்தான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். 1649-ல் பாஸ்டனில் பிறந்தார். மூன்று வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்புறம் சாகும்வரை அமெரிக்கா பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. உலகப் புகழ்பெற்ற அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் இடத்தைப் பல தடவை பார்த்திருக்கிறார். அது அப்போது இடுகாட்டுப் பக்கம் என்பது வேறு விஷயம்.

1672-ல் எழுத்தராக மெட்ராஸ் வந்தார். சம்பளம் வருஷத்துக்குப் பத்து பவுண்டு. மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. இந்தச் சம்பளத்தில் ஒரு மனிதன் கடல் கடந்து ஏன் வருவான்? கம்பெனிக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும், ஆனால் கேட்கவில்லை. ஊழியர்கள் கம்பெனிக்காகப் பகலில் வியாபாரம் செய்தார்கள். தங்களுக்காக இருபத்திநாலு மணி நேரமும் செய்தார்கள். வைரம், துணி, தூரக் கிழக்கு நாடுகளுக்குப் போகும் கப்பலில் பங்கு. கேத்தரின் கொண்டுவந்த பணம் யேலுக்கு அருமையான ஸீட் கேபிடல். ஹின்மர்ஸ் குருவிபோலச் சேர்த்தார், யேல் கழுகாகப் பறந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜோக் கிடையாது. அந்தக் கோட்டையிலிருந்து மனிதர்களை அடிமைகளாக விற்றுக் கப்பலேற்றினார்கள். அதைப் பற்றிப் பேசி முடிவெடுத்த கவுன்சிலில் யேலும் உட்கார்ந்திருந்தார். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-ல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்களான அந்த எழுத்தர்கள், கப்பலேறியவர்களின் பெயர்களை எழுதி வைக்க மட்டும் மை செலவழிக்கவில்லை.

1687 ஜூலையில் யேல் கவர்னர் ஆனார். பத்து பவுண்டுப் பையன் பதினைந்து வருஷத்தில் உச்சாணிக் கொம்பில். ஆறே மாதம். 1688 ஜனவரியில், அவருடைய ஒரே மகன் டேவிட் இறந்துபோனான். பீரங்கியும் பல்லக்கும் சேவகர்களும் இருந்தும் சாவிடம் கவர்னர் என்ற பதவி செல்லுபடியாகாது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

பிள்ளையை எங்கே அடக்கம் செய்வது? இங்கேதான் யேல் குடும்பத்தின் பிராக்டிகல் புத்தியைப் பாராட்ட வேண்டும். கோட்டைக்கு வெளியே, கறுப்பர் நகரத்தின் ஓரத்தில் ஆங்கிலேயர்களின் இடுகாடு. அங்கே கேத்தரினின் முதல் புருஷன் ஏற்கெனவே வசதியாகக் குடியேறியிருந்தார். அதே இடத்தில் பையனையும் வைத்தார்கள். ஹின்மர்ஸின் மனைவி, பணம், இப்போது சமாதியில் பாதி. மனிதர் உயிரோடு இருந்திருந்தால் வாடகையாவது கேட்டிருப்பார்.

கிண்டலை ஒதுக்கிவிட்டுக் கேத்தரின் பக்கமிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. அந்த ஊரில் அவளுக்குச் சொந்தம் என்று மண்ணுக்குள் இருந்தவர் அந்த ஒருவர்தான். முன்பின் தெரியாத தேசத்தில் தன் குழந்தையைத் தனியாக விட வேண்டாம், தெரிந்த மனிதர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஒரு தாய்க்குத் தோன்றாதா? தோன்றியிருந்தால் அதைப் பற்றி யாரும் குறிப்பெழுதவில்லை. கோட்டைப் பதிவேடுகளில் மிளகு மூட்டைக்கு இடம் உண்டு, அம்மாக்களுக்கு இல்லை.

அடுத்த வருஷமே, 1689-ல், கேத்தரின் மகள்களை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டாள். கவர்னர் மாளிகை வெறிச்சோடியதா? அதுதான் இல்லை. ஜாக் த பைவா என்று ஒரு போர்ச்சுக்கீசிய யூத வைர வியாபாரி மெட்ராஸில் இருந்தார். அவர் 1687-ல் காலமானார். அவர் மனைவி ஹெரோனிமா சீக்கிரமே யேலின் தோட்ட வீட்டில் காணப்பட்டாள். அவர்களுக்கு ஒரு மகனும் பிறந்தான். முதல் விதவை, இரண்டாவது விதவை என்று பார்த்தால் இவரிடம் ஒரு பேட்டர்ன் தெரிகிறது. கோட்டையில் எந்தப் பணக்காரக் கணவருக்குத் தும்மல் வந்தாலும், கவர்னர் நலம் விசாரித்து ஆள் அனுப்பினாரா என்று வீட்டார் கவலைப்பட்டிருப்பார்கள்.

யேலின் ஆட்சியில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி கடலூரில் நடந்தது. 1690. செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி வாங்குகிறது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? சங்கிலி பிடித்து அளக்கவில்லை, எல்லைக் கல் நடவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை என்று ஒப்பந்தம். சர்வே டிபார்ட்மென்ட்டின் வரலாற்றில் இவ்வளவு சத்தமான நாள் இன்னொன்று கிடையாது.

யேல் என்ன செய்தார்? மெட்ராஸிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து, நல்ல குறிகாரனையும் சேர்த்து அனுப்பினார். மருந்தை எப்படிக் கெட்டித்தால் குண்டு தூரம் போகுமோ அந்தக் கலை முழுவதையும் காட்டிவிடச் சொல்லி உத்தரவு. நாலு பக்கமும் சுட்டார்கள். கடலூர் ஊரே எல்லைக்குள் வந்துவிட்டது. குண்டு விழுந்த இடங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. காலையில் மராத்திய ராஜ்யத்தில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தவன், கை கழுவும்போது கம்பெனி ரயத்து.

அந்தக் கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். டேவிட் என்பது வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் பெயர். யேலின் பூர்வீகம் வேல்ஸ். ஆக, புனிதருக்கு மரியாதை. யேலின் அப்பா பெயரும் டேவிட். பாரிமுனைக் கூம்புக்குள் இருந்த பிள்ளையின் பெயரும் டேவிட். எந்த டேவிட்டை நினைத்துப் பெயர் வைத்தீர் என்று கவர்னரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவருடைய கோபம் பிரசித்தம்.

கோபம் மட்டுமா? கவுன்சிலோடு ஓயாத சண்டை. கம்பெனிப் பணத்தைத் தன் சொந்த வியாபாரத்தில் விட்டார், தம்பி தாமஸுக்குச் சலுகை காட்டினார், தன்னிஷ்டத்துக்கு ஆண்டார் என்று லண்டனுக்குப் புகார் மேல் புகார். 1692-ல் சீட்டைக் கிழித்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் நத்தானியேல் ஹிக்கின்சன், சில வருஷம் முன்பு மெட்ராஸின் முதல் மேயராக இருந்தவர். இந்த ஹிக்கின்சன் ஹார்வர்டில் படித்த பட்டதாரி! ஹார்வர்டு, யேல் என்று அமெரிக்காவில் வருஷா வருஷம் ஃபுட்பால் மைதானத்தில் மோதிக்கொள்கிறார்களே, அதன் முதல் ஆட்டம் புனித ஜார்ஜ் கோட்டையில் 1692-ல் நடந்தது. ஹார்வர்டு ஜெயித்தது.

இன்னொன்றும் உண்டு. யேல் பல்கலைக்கழகம் இருப்பது கனெக்டிகட்டில். எலிஹு யேல் பிறந்தது அங்கே இல்லை. ஹிக்கின்சன் பிறந்ததே கனெக்டிகட்டில். மண்ணின் மைந்தருக்குப் பெயர்ப்பலகை இல்லை. அவர் துணி மூட்டை அனுப்பவில்லை, பாவம்.

மூட்டைக்கு வருகிறேன். பதவி போனாலும் கணக்கு வழக்குகள் தீராமல் 1699 வரை மெட்ராஸிலேயே இருந்துவிட்டு, பெரும் செல்வத்தோடு லண்டன் திரும்பினார் யேல். வைரம் விற்றார், ஓவியம் வாங்கினார், வீடு நிறையச் சாமான் சேர்த்தார். வயசானது. மகள்கள் உண்டு, பெயர் சொல்ல முறைப்படியான மகன் இல்லை. அந்தக் கால நியாயத்தில் இது பெரிய குறை. இந்தக் குறையின் வாசனை அட்லாண்டிக் தாண்டி ஒருவர் மூக்கை எட்டியது.

அவர் காட்டன் மேதர். பாஸ்டன் பாதிரியார், ஹார்வர்டில் படித்தவர், ஹார்வர்டோடு மனத்தாங்கல் உள்ளவர். கனெக்டிகட்டில் 1701-ல் தொடங்கிய ஒரு சின்னக் கல்லூரி காசில்லாமல் தத்தளித்துக்கொண்டிருந்தது. 1718 ஜனவரியில் மேதர் யேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். நன்கொடை கேட்பவர்கள் எல்லோரும் படித்து மனப்பாடம் செய்ய வேண்டிய கடிதம். அந்தக் கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால், பிள்ளைகளும் பெண்களும் பெயர் சொல்வதைவிட அது உசத்தியாக இருக்கும் என்று தொடங்கி, எகிப்தியப் பிரமிடு கட்டி வைப்பதைவிடவும் மேலான ஞாபகச் சின்னம் அது என்று முடித்தார்.

பிரமிடு! மேதர் அய்யா, யாரிடம் போய் என்ன உதாரணம் சொல்கிறீர்! அந்த மனிதரின் முறைப்படியான ஒரே மகன் மெட்ராஸில் ஒரு பிரமிடுக்கு அடியில்தான் முப்பது வருஷமாகத் தூங்குகிறான். பிள்ளை வேண்டாம், பிரமிடு வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்? பாதிரியார் இதெல்லாம் தெரியாமல்தான் எழுதியிருப்பார். தெரிந்து எழுதியிருந்தால் அவரைவிடக் கல்நெஞ்சக்காரர் கிடையாது, அவரைவிடக் கெட்டிக்கார வசூல்காரரும் கிடையாது.

யேல் உருகினார். ஆனால் அளவாக உருகினார். ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகம், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று. ராஜா படத்தைப் பார்த்துக் கல்லூரிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, மூட்டைகளை உடனே பிரித்தார்கள். உள்ளே மஸ்லின், காலிகோ என்று வகைவகையான துணி. விற்றதில் 562 பவுண்டு வந்தது. கட்டடம் எழுந்தது. கல்லூரிக்கு யேல் என்று பெயர் சூட்டினார்கள். இன்றைக்கு ஐபிஎல் டீமின் ஜெர்ஸியில் தோள்பட்டை ஓரமாக ஒரு கம்பெனி தன் பெயரைப் போடக் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பாருங்கள். உலக வரலாற்றில் நேமிங் ரைட்ஸை இவ்வளவு சல்லிசாக அமுக்கியவர் யேலைத் தவிர யாருமில்லை.

நடுவில் ஜெரமியா டம்மர் என்று ஒரு ஏஜென்ட். யேலைத் தேடிப்பிடித்துப் பேசி மடக்கியதில் இவருக்குப் பெரிய பங்கு. இவர் திரட்டி அனுப்பிய புத்தகங்கள் மட்டும் எண்ணூறுக்கும் மேல். நியாயப்படி கல்லூரிக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இன்னும் மக்கு, இன்னும் மக்கு என்று கேட்கும். எந்தத் தகப்பன் அந்தக் காலேஜுக்கு ஃபீஸ் கட்டுவான்?

1721-ல் யேல் லண்டனில் இறந்தார். உயிலில் ‘என் பொல்லாத மனைவிக்கு’ என்று ஆரம்பித்துவிட்டு, மேற்கொண்டு எழுதாமல் இடத்தைக் காலியாக விட்டிருந்தார் என்று சொல்வார்கள். கவுன்சிலோடு வருஷக்கணக்காக வார்த்தைச் சண்டை போட்டவருக்கே கேத்தரின் விஷயத்தில் வார்த்தை கிடைக்கவில்லை. வேல்ஸில் ரெக்ஸம் ஊர் தேவாலய முற்றத்தில் அவரைப் புதைத்தார்கள். கல்லில் செதுக்கிய செய்யுள், அவர் பிறந்த கண்டம், வளர்ந்த கண்டம், கல்யாணம் முடித்த கண்டம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, செய்த நன்மையையும் தீமையையும் கடவுள் கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளட்டும் என்கிற தொனியில் போகிறது. சமாதிக் கல்லிலேயே கணக்கை நேர் பண்ணப் பார்த்த ஒரே கவர்னர் இவர்தான் என்று நினைக்கிறேன்.

அப்பன் கதை முடிந்தது. பிள்ளை கதை இனிமேல்தான். அந்த இடுகாட்டில் கூம்பு ஒன்று மட்டும் இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். உன் கூம்பு பெரிசா, என் கூம்பு பெரிசா என்று செத்துப்போன கம்பெனிக்காரர்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது. தூபி, மண்டபம், நிலவறை, வளைவு என்று பணக்காரச் சவங்களின் காலனி அது. உயிரோடு இருந்தவர்கள் கோட்டைக்குள் நெருக்கியடித்துக் குடியிருக்க, செத்தவர்கள் வெளியே தனி பங்களாக்களில் இருந்தார்கள்.

காலி பங்களா கிடைத்தால் ஊர் சும்மா இருக்குமா? பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சமாதிகளெல்லாம் பிச்சைக்காரர்களும் எருமைகளும் தங்கும் இடமாகிவிட்டன என்று கோட்டையில் புலம்பல் ஆரம்பித்துவிட்டது. எருமைகள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ஐரோப்பியக் கட்டடக் கலையை மெட்ராஸ்காரர்களில் முதலில் உள்ளே போய் ரசித்தவை அவைதான்.

அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1758 டிசம்பர். தளபதி லாலி படையோடு கறுப்பர் நகரத்துக்குள் நுழைகிறார். கோட்டை கைக்கெட்டும் தூரம். வீரர்களுக்கு முதலில் கைக்கெட்டியது சாராயம். ஒரு பெரும் படை போதையில் தள்ளாட, கோட்டைக்குள்ளிருந்து ஆங்கிலேயர்கள் பாய்ந்து வந்து அடித்தார்கள். தெளிந்து எழுந்த பிறகு பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையை ஒழுங்காக நடத்தப் பார்த்தார்கள். பீரங்கிக் குண்டுக்குத் தப்ப மறைவிடம் வேண்டுமே? ஆங்கிலேயர்கள் தங்கள் பிணங்களுக்காகக் கட்டி வைத்த கல் பங்களாக்கள் வரிசையாக நின்றன. கோட்டைக்குள்ளிருந்து சுட்டவன் தன் தாத்தாவின் சமாதியைக் குறிபார்த்துச் சுட வேண்டிய நிலைமை.

1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தன, முற்றுகை விலகியது. இனி கோட்டைக்கு எதிரே ஒளிய ஒரு குட்டிச்சுவர்கூட இருக்கக் கூடாது என்று கம்பெனிக்கு ஞானம் பிறந்தது. சமாதிகளை இடித்தார்கள். பெயர் வெட்டிய பலகைக் கற்களை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். ஆட்களைக் கொண்டுபோகவில்லை. கல் கோட்டைக்குள், சரீரம் பாரிமுனையில். இன்று அந்தத் தேவாலய முற்றத்தில் கற்களை வாசித்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் தப்பான அட்ரஸில் துக்கம் விசாரிக்கிறார்கள்.

கற்களுக்காவது நிம்மதி உண்டா? 1782-ல் ஹைதர் அலி பயம். பீரங்கிகளை நிறுத்தத் தட்டையான கல் வேண்டும் என்று அவற்றையே பெயர்த்தெடுத்தார்கள். கம்பெனிக்கு முப்பது வருஷம் உழைத்துச் செத்தவரை, பயம் வந்ததும் திரும்பவும் டியூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பென்ஷன் கிடையாது.

இத்தனை இடிபாட்டிலும் இடுகாட்டில் தப்பி நின்றவை இரண்டே இரண்டு. ஒன்று நம் கூம்பு. இன்னொன்று பவுனி குடும்பத்தின் நிலவறைச் சமாதி. பவுனிகள் கப்பல், வியாபாரம் என்று மெட்ராஸில் தலைமுறை தலைமுறையாக வேர்விட்டவர்கள். ஒரு குடும்பமே ஒரு கூரையின் கீழ் அடங்கிக் கிடக்கிறது. யேல் பக்கத்துச் சண்டை சச்சரவு எதுவும் அங்கே இல்லை, முதல் கணவர் இரண்டாம் கணவர் குழப்பமும் இல்லை. அதனால்தான் அவர்களைப் பற்றி ஒரு பாராவுக்கு மேல் எழுத ஒன்றும் தேறவில்லை.

நூறு வருஷத்துக்கு மேல் அந்த இடம் வெறும் வெளியாகக் கிடந்தது. சட்டக் கல்லூரி 1891-ல் தொடங்கியது. ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர் இந்தோ-சாரசெனிக் பாணியில் கலசமும் கோபுரமுமாக ஒரு கட்டடத்தை எழுப்பினார், 1899-ல் முடிந்தது. ஆக, கல்லூரி வளாகத்துக்குள் கல்லறை இருக்கிறது என்று நாம் சொல்வதே தப்பு. கல்லறை வளாகத்துக்குள் கல்லூரி வந்தது. அடுத்தவன் நிலத்தில் பன்னிரண்டு வருஷம் ஆட்சேபணையில்லாமல் உட்கார்ந்தால் எதிரிடை அனுபவ பாத்தியம், அரசாங்க நிலமானால் முப்பது வருஷம் என்று சொல்லிக்கொடுத்த இடம் அது. பையன் அப்போதே இருநூறைத் தாண்டியிருந்தான்.

1921-ல் தொல்லியல் துறை இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்தது. அதற்குள் ஒரு கண்ணிவெடி இருந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குப் புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்று பின்னாளில் சட்டம் கடுமையானது. அப்பா பீரங்கி சுட்டுத்தான் எல்லை பிடித்தார். மகன் ஒரு வார்த்தை பேசாமல் ஹைகோர்ட்டுக்குப் பக்கத்தில் நூறு மீட்டரை வளைத்துப்போட்டான்.

பாரிமுனையில் நூறு மீட்டர் என்றால் என்னவென்று, அங்கே கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்குத் தெரியும். ஹைகோர்ட்டுக்கு வரும் வக்கீல்கள், கட்சிக்காரர்கள் எல்லோருடைய வண்டிக்கும் அடுக்குமாடி பார்க்கிங் கட்ட வேண்டும். குறுக்கே நாலு வயதுப் பையன். விஷயம் வழக்கானது. 2023-ல் ஹைகோர்ட் தனி நீதிபதி, இதற்குத் தொன்மை மதிப்போ கலை மதிப்போ இல்லை, நாலு வாரத்துக்குள் வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டார். வரலாற்று ஆர்வலர்கள் கொதித்தார்கள். லாலியின் படையும் ஹைதர் பயமும் செய்ய முடியாததை மாருதி காரும் ஹோண்டா ஆக்டிவாவும் செய்துவிடும் போலிருந்தது.

இந்தக் களேபரத்தில் என் அனுதாபம் முழுக்க ஒருவருக்குத்தான். அந்த இடத்துக்கு முதலில் வந்தவர் ஜோசப் ஹின்மர்ஸ். இடம் அவர் பெயரில் பிடித்தது. எட்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்தவன்தான் பையன். ஆனால் வழக்கு நடந்தபோது பேப்பரில் தலைப்பு, டிவியில் விவாதம், வாட்ஸப்பில் சண்டை எல்லாமே ‘யேல் கல்லறை’ என்றுதான். தொல்லியல் துறைப் பட்டியலிலும் டேவிட் யேல் முதலில், ஹின்மர்ஸ் அடுத்து. கவுன்சிலில் இரண்டாம் இடம், கேத்தரின் வாழ்க்கையில் பழைய ஆள், சொந்தச் சமாதியிலும் இரண்டாம் பெயர். ஹின்மர்ஸ் தரப்பில் ஆட்சேபணை மனு எதுவும் தாக்கலாகவில்லை.